பணக்காரர்களின் புதிய தீர்த்த யாத்திரை

சமீப காலமாக நமது நாட்டில் ஒரு புது வியாபாரம் மும்முரமாய் நடந்து வருவதைத் தோழர்கள் கவனித்திருக்கலாம். மலைப் பிரதேசங்களிலும், கடற்கரைகளிலும், பெரிய பட்டணங்களின் ஓரங்களிலும் "ஸ்பா" என்றும், "வெல்னெஸ் ஹோட்டல்" என்றும் பெயர் வைத்துக்கொண்டு மாளிகைகள் கிளம்பியிருக்கின்றன. அங்கே போய்ச் சில நாள் தங்கினால் உடம்பிலுள்ள விஷமெல்லாம் இறங்கிவிடும் என்றும், மனக்கவலை ஒழிந்துவிடும் என்றும், "சக்கரங்கள்" சுத்தியாகி "சக்தி" பாய ஆரம்பித்துவிடும் என்றும் விளம்பரம் செய்யப்படுகிறது. ஒரு நாள் வாடகையே ஒரு கூலித் தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடக்கூடிய இடங்களும் இவற்றில் உண்டு.

பணக்காரன் தன் பணத்தை எப்படிச் செலவழித்தால் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். அந்தப் பணம் அவனுடையதுதானா என்பது பெரிய கேள்வி. அதை இன்னொரு சமயம் பேசிக்கொள்ளலாம். இப்போது நாம் எழுத நேர்ந்த காரணம் என்னவென்றால், மகாமகக் குளத்தில் முழுகினால் பாவம் போகும் என்பதைக் கேட்டுச் சிரிக்கிற படித்தவர்களே, நமது கூட்டங்களுக்கு வந்து கை தட்டுகிறவர்களில் சிலர் உட்பட, இந்த மாளிகைத் தொட்டியில் முழுகினால் விஷம் போகும் என்பதை நம்பிப் பணத்தைக் கட்டுகிறார்கள் என்பதேயாகும். பாவம் என்ற சொல்லை எடுத்துவிட்டு விஷம் என்ற சொல்லைப் போட்டதைத் தவிர இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம். அங்கே குளம், இங்கே தொட்டி. அங்கே சங்கற்பம், இங்கே மணியடித்து, ஊதுவத்தி கொளுத்தி, கண்ணை மூடச் சொல்லுதல். அங்கே தட்சணை, இங்கே பில்!

"டீடாக்ஸ்" என்று பெயர் சொல்லி இவர்கள் இறக்குகிற விஷம் எது? அதன் பெயர் என்ன? முழுகுவதற்கு முன் இரத்தத்தில் எவ்வளவு இருந்தது? முழுகின பின் எவ்வளவு குறைந்தது? இந்தச் சாதாரணக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பாவத்தின் எடை என்னவென்று கேட்டால் புரோகிதன் எப்படி விழிப்பானோ அப்படியே இவர்களும் விழிப்பார்கள். மனிதனுடைய உடம்பில் கழிவை அகற்றுவதற்கு ஈரலும், இரண்டு சிறுநீரகங்களும் இருக்கின்றன. சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு இரத்தத்திலிருந்து சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப உடம்புக்கே கொடுத்துவிட்டு, வேண்டாததை ஒன்றிரண்டு லிட்டர் சிறுநீராக வெளியே தள்ளுகின்றன. இந்த வேலையை அவை ஏழைக்கும் செய்கின்றன, பணக்காரனுக்கும் செய்கின்றன. அவை கெட்டுப்போனால் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரியே தவிர, ஹோட்டலல்ல.

சில இடங்களில் வாடிக்கைக்காரரின் காலை உப்புத் தண்ணீரில் வைத்து மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். சற்று நேரத்தில் தண்ணீர் பழுப்பாகிறது. "பார்த்தீர்களா, உங்கள் உடம்பு விஷம்!" என்கிறார்கள். அந்தப் பழுப்பு, தண்ணீரிலுள்ள இரும்புத் தகடு துருப்பிடிப்பதால் வருவது. காலை வெளியே எடுத்துவிட்டு வெறுந் தண்ணீரில் மின்சாரத்தைப் பாய்ச்சினாலும் அதே நிறந்தான் வரும். வெறுங்கையிலிருந்து விபூதி வரவழைக்கிற சாமியாருக்கும் இவர்களுக்கும், கையில் வைத்திருக்கிற சாமானைத் தவிர வேறு வித்தியாசமில்லை.

இந்த மோசடி இன்று நேற்று ஏற்பட்டதல்ல. நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமானதுமல்ல. வெள்ளைக்காரன் சொன்னால் விஞ்ஞானமாய்த்தானிருக்கும் என்று நினைக்கிறவர்கள் இங்கிலாந்திலுள்ள பாத் என்னும் நகரத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அங்கே பூமிக்குள்ளிருந்து வெந்நீர் ஊற்று ஒன்று இயற்கையாய் வருகிறது. அந்த ஊற்றுக்கும் ஒரு ஸ்தல புராணம் கட்டியிருக்கிறார்கள். பிளாடுட் என்ற ஒரு ராஜகுமாரனுக்குக் குஷ்டரோகம் வந்ததாம், அவன் பன்றி மேய்க்கப் போனானாம், பன்றிகள் அந்தச் சேற்றில் புரண்டு சொறி நீங்கினதைப் பார்த்துத் தானும் புரண்டானாம், குஷ்டம் போய்விட்டதாம்! ராஜாவின் பெயரையும் ஊரின் பெயரையும் மாற்றிவிட்டால் நமது புராணக்காரன் சொன்னது என்றே எண்ணும்படி இருக்கிறது.

ஏறக்குறைய 1,900 வருஷங்களுக்கு முன்பு ரோமர்கள் அங்கே ஒரு தேவதைக்குக் கோயிலும், பக்கத்தில் ஸ்நான மண்டபமும் கட்டினார்கள். அந்த ஊற்றைத் தோண்டிப் பார்த்தபோது, ஈயத் தகட்டில் எழுதி அம்மனுக்குப் போட்ட சாபச் சீட்டுகள் சுமார் 130 கிடைத்தன. பெரும்பாலும் எதைப் பற்றியவை? குளிக்க வந்த இடத்தில் துணியைத் திருடிவிட்டான், பணத்தைத் திருடிவிட்டான், அவனைத் தண்டி என்பவைதான். கரையில் வைத்த வேட்டியைக் காப்பாற்றச் சக்தியில்லாத தேவதை, உள்ளே இறங்கினவனுடைய வியாதியைத் தீர்த்தாளாம்! இதை நம்பி ஜனங்கள் சாரிசாரியாய்ப் போனார்கள்.

பிறகு 18-வது நூற்றாண்டில் அந்த ஊர் சீமான்களின் உல்லாச ஸ்தலமாயிற்று. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளை வதைத்துப் பணம் சேர்த்தவர்களும் அங்கே வந்து நீரைக் குடித்து, சீட்டாடி, நாட்டியம் பார்த்து, களைப்பாற்றிக் கொண்டார்கள். அடிமைக்கு ஓய்வில்லை, அவனை அடித்துக் களைத்தவனுக்கு ஸ்நானம்! ஏழை நோயாளிகளுக்காக அந்த ஊரில் ஏற்பட்ட ஆஸ்பத்திரியிலோ, நோயாளி ஊர் திரும்பும் செலவுக்கு, அல்லது செத்துப்போனால் புதைக்கும் செலவுக்கு, முன்பணம் கட்டினால்தான் உள்ளே சேர்ப்பது என்று விதி வைத்திருந்தார்கள்.

உண்மையை மறைப்பது நமது வழக்கமல்ல. அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில், ஈயத்தினால் கைகால் விழுந்துபோனவர்களில் பலருக்குக் குணம் ஏற்பட்டதென்பது நிஜம். அது எப்படி நேர்ந்தது என்பதைப் பிற்காலத்தில் பரிசோதித்துப் பார்த்தார்கள். கழுத்தளவு தண்ணீரில் வெகுநேரம் உட்கார்ந்தால், நீரின் அழுத்தத்தினால் இரத்த ஓட்டம் மாறி, சிறுநீர் அதிகமாய்ப் பிரிகிறது. அதோடு ஈயமும் வெளியேறுகிறது என்று கண்டார்கள். அதாவது வேலை செய்தது தேவதையல்ல, சிறுநீரகமே! எந்த விஷம், எவ்வளவு, எவ்வழியாய் வெளியேறிற்று என்று அளந்து சொன்னால் அதற்குப் பெயர் விஞ்ஞானம். அளக்கவும் மாட்டேன், கேட்கவும் கூடாது என்றால் அதற்குப் பெயர் மதம். ஹோட்டல்காரன் எதைச் செய்கிறான் என்பதை வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளட்டும்.

நிற்க. அதே புண்ணிய ஊற்றின் நீரில் 1978-ம் வருஷத்தில் நீந்திய ஒரு சிறுமி, அதிலிருந்த கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி மூளைக்குள் புகுந்ததினால் இறந்துபோனாள். உடனே குளங்களை மூடினார்கள். புதிதாய் ஆழத்தில் துளையிட்டுச் சுத்தமான நீரை எடுத்து, 2006-ல்தான் பொது ஜனங்களுக்குப் புதிய ஸ்நான மண்டபம் திறந்தார்கள். நாலு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகளைத் தீர்த்தம் என்று சொல்லி எந்தக் குட்டையிலும் முழுக்காட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

விஞ்ஞானத்தின் பெயரைத் திருடிக் கொள்வதிலும் இந்த வியாபாரிகளுக்குக் குறைவில்லை. ரேடியம் கண்டுபிடிக்கப்பட்ட சில வருஷங்களுக்குள் ஐரோப்பாவில் ரேடியம் ஸ்நானம் என்று விற்றார்கள். அமெரிக்காவில் ரேடியம் கலந்த தண்ணீரைப் புட்டியில் அடைத்து, பலம் தரும் என்று விற்றார்கள். ஈபன் பையர்ஸ் என்ற பணக்காரர் அதைப் புட்டி புட்டியாய்க் குடித்து, தாடை எலும்பு அழுகி, 1932-ல் மாண்டார். அன்று "ரேடியம்" என்று சொல்லி ஏமாற்றியவர்களின் வாரிசுகளே இன்று "குவாண்டம்" என்றும், "எனர்ஜி" என்றும் சொல்லி ஏமாற்றுகிறார்கள்.

இனி நமது நாட்டு விஷயத்திற்கு வருவோம். இந்த மாளிகைகளில் அப்யங்கம், தாரை என்று சமஸ்கிருதப் பெயர் வைத்து எண்ணெய் தேய்த்து விடுகிறார்கள். எண்ணெய் தேய்ப்பதும், பிடித்து விடுவதும், மூலிகை அரைப்பதும், பிரசவம் பார்ப்பதும் நமது கிராமங்களில் யாருடைய தொழிலாக இருந்தன? மருத்துவர் என்றும், நாவிதர் என்றும் சொல்லப்படுகிற சமூகத்தாரின் தொழிலாக இருந்தன. அந்தக் கை தன் உடம்பின்மேல் பட்டதற்காகவே குளிக்க வேண்டும் என்று சொன்னவர்கள் யார்? திண்ணைக்கு மேல் ஏறாதே என்றவர்கள் யார்? அவர்கள் கையிலிருந்தபோது இழிதொழில். பெயரை மாற்றி விளக்கைப் போட்டு விற்றால் ரிஷிகள் அருளிய வித்தை! தொழிலை இழிவுபடுத்தியவனே இன்று அதற்கு முதலாளி. அவ்வளவு காலம் அதைச் செய்தவனுக்கு மரியாதையும் கிடைக்கவில்லை, லாபமும் கிடைக்கவில்லை.

ஒரு காலத்தில் ஹோட்டல்களில் "பிராமணாள்" என்று பலகை மாட்டியிருந்தார்கள். அதை எடுக்கச் சொல்லிப் பெரியார் 1957-ல் சென்னையில் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. இன்று அந்தப் பலகையில்லை. விலைப் பட்டியல் இருக்கிறது. உள்ளே நின்று நாள் முழுதும் பிறர் காலைப் பிடித்துவிடும் பெண்ணின் கை வலிக்கு எந்த ஹோட்டலில் அறை ஒதுக்கியிருக்கிறது?

"அப்படியானால் சுயமரியாதைக்காரர்கள் ஓய்வுக்கும் சுகத்துக்கும் விரோதிகளா?" என்று கேட்கலாம். ஒருக்காலுமில்லை. உடம்பை வருத்தினால் மோட்சம் என்பவன் மதவாதி, நாமல்ல. வெந்நீரில் குளித்தால் தசையின் இறுக்கம் தளரும். பிடித்துவிட்டால் வலி ஆறும். நன்றாய்த் தூங்கினால் மனம் தெளியும். இவற்றை நாம் மறுக்கவில்லை. மறுக்கவில்லை என்பது மாத்திரமல்ல, இவை எல்லோருக்கும் வேண்டும் என்பதே நமது கட்சி. நாலு நாள் மாளிகையில் தங்கித் திரும்பினவருக்கு உண்மையாய்ச் சுகம் தெரிகிறதென்றால், அது வேலையில்லாமல், தொந்தரவில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கினதன் பலனேயொழிய, சக்கரம் சுழன்றதன் பலனல்ல. அந்தச் சுகத்துக்கு மந்திரம் வேண்டாம். நேரந்தான் வேண்டும். அந்த நேரந்தான் பாடுபடுகிற மக்களிடமிருந்து பறிக்கப்பட்டிருக்கிறது.

ஓய்வு என்பது பிச்சையுமல்ல, வரமுமல்ல. போராடிப் பெற்ற உரிமை. தோழர் சிங்காரவேலர் 1923-ல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினபோது எட்டு மணி நேர வேலையைக் கேட்பதைச் சிரித்தவர்கள் உண்டு. பிரான்சுத் தொழிலாளர்கள் 1936-ல் வேலை நிறுத்தம் செய்து, சம்பளத்தோடு இரண்டு வாரம் லீவு வாங்கினார்கள். சோவியத் ஆட்சியில், சக்கரவர்த்தி உல்லாசமாய் வசித்த லிவாடியா அரண்மனையை 1925-ல் குடியானவர்களுக்கு ஆரோக்கிய நிலையமாக்கினார்கள். அந்த ஆட்சி 1991-ல் மறைந்துவிட்டதானாலும், அரண்மனையில் குடியானவன் படுத்துக் களைப்பாற்றினதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. ஐக்கிய நாடுகள் சபையின் 1948-ம் வருஷத்து மனித உரிமைப் பிரகடனமும் 24-வது பிரிவில், ஓய்வும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் எல்லா மனிதருக்கும் உரிமை என்று ஒப்புக்கொண்டிருக்கிறது.

நமது தமிழ்நாட்டில் ஜவுளிக் கடையில் நாள் முழுதும் நின்று காலில் நரம்பு புடைத்துப்போன பெண்கள் உட்காருவதற்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று 2021-ல் சட்டம் செய்ய வேண்டியிருந்தது! 2023-ல் பாக்டரிகளில் ஒரு நாள் வேலையை 12 மணி வரை நீட்ட இடங்கொடுக்கும் மசோதா சட்டசபையில் நிறைவேறி, தொழிலாளர்கள் எதிர்த்த பிறகே வாபஸ் வாங்கப்பட்டது. ஒரு பக்கம் நாற்காலிக்குச் சட்டம். மறுபக்கம் சந்தனத் தொட்டி. இந்த இரண்டும் ஒரே நாட்டில் இருக்கின்றன என்பதைத் தோழர்கள் யோசிக்க வேண்டும்.

கடைசியாக நம் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. முதலாளியிடம் ஞாயிற்றுக்கிழமை கேட்கிற தோழர், தன் வீட்டுப் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை கொடுத்திருக்கிறாரா? அவளுக்கு எந்தக் கிழமையிலும் அடுப்பு அணைவதில்லை. ஸ்பாவுக்குப் போகிற பணக்காரனைப் பழிக்கிறவர், வாரத்துக்கு ஒரு நாள் தானே உலை வைத்து, தானே துணி துவைத்து, அவளை உட்கார வைக்கட்டும். அதற்குக் காசு செலவில்லை. ஆண் என்கிற அகம்பாவந்தான் கொஞ்சம் செலவாகும்.

ஆகவே தோழர்களே! சக்கரத்தையும் விஷத்தையும் காட்டிப் பணம் கேட்கிறவனிடம் அத்தாட்சி கேளுங்கள். உங்கள் கடையில் நாற்காலி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் நாலு பேராய்ச் சேர்ந்து கேளுங்கள். உங்கள் பஞ்சாயத்திலும், முனிசிபாலிட்டியிலும் நல்ல குளியலறையும், மரநிழலும், வாசகசாலையும், பெண்கள் பயமின்றி உட்காரக்கூடிய தோட்டமும் வேண்டுமென்று தீர்மானம் போடுங்கள். கோயில் குளத்தை எல்லா ஜாதிக்கும் திறக்க வேண்டுமென்று எவ்வளவு பிடிவாதமாய்ப் போராடினோமோ, அவ்வளவு பிடிவாதத்தோடு ஓய்வையும் எல்லோருக்கும் திறக்கச் செய்ய வேண்டியது நமது கடமையாகும்.