உறையை உதறிப் பாருங்கள்

பத்திரிகை அலுவலகங்களில் கடிதங்களோடு பழகியவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உறையைக் கிழித்துக் கடிதத்தை எடுத்தபின், வெற்றுறையைக் கூடையில் போடுமுன் ஒரு தடவை உதறிப் பார்ப்பார்கள். புகைப்படமோ துண்டுச் சீட்டோ மூலையில் ஒட்டிக் கிடக்கக்கூடும். மின்னஞ்சல் வந்தபின் இவ்வழக்கம் அற்றுப்போயிற்று. திரையில் தெரிவதே மடலின் முழுமை என்ற நம்பிக்கை எம்மிற் பலரிடம் வேரூன்றிவிட்டது. அது பிழையான நம்பிக்கை.

தொடக்கத்தில் மின்னஞ்சல் வெறும் ஆங்கில எழுத்துகளையே சுமந்தது. படம், ஒலி, பிறமொழி எழுத்து ஆகியவற்றுக்கும் இடமளித்தது ‘மைம்’ எனப்படும் நியமம். நதானியேல் போரென்ஸ்ரீன், நெட் ஃபிரீட் ஆகிய இருவரும் எழுதிய அது 1992 ஜூனில் வெளியாகி, 1996 நவம்பரில் திருத்தப்பட்டது. நாம் தமிழில் மடல் எழுத முடிவதற்கும் அதுவே அடித்தளம்.

இந்நியமத்தின்படி ஒரு மடல் பல பகுதிகளைக் கொண்டிருக்கலாம். ‘கலப்பு’ வகையில் கடிதமும் இணைப்பும் அருகருகே நிற்கும். ‘மாற்று’ வகையிலோ ஒரே செய்தி இரு வடிவங்களில் வரும்: எளிய எழுத்து முதலிலும், எச்.ரி.எம்.எல். அலங்காரத்துடன் கூடியது பின்னாலும். படிக்கும் செயலி அவற்றுள் ஒன்றைத் தெரிந்து காட்டும். இரண்டும் ஒரே விடயத்தைச் சொல்பவை என்பதால், மற்றதைக் காட்டாது விடுவதில் நட்டமில்லை என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

சிக்கல் இங்கேதான் முளைக்கிறது. சில அஞ்சற் செயலிகள், பி.டி.எப். கோப்பு போன்ற இணைப்பை வெளியே வைக்காமல், அலங்கார வடிவத்தின் உள்ளேயே செருகிவிடுகின்றன. பெட்டிக்குள் பெட்டி. எளிய எழுத்தைத் தெரிவுசெய்யும் வாசகருக்கு, மற்றப் பெட்டியும் அதற்குள் இருக்கும் ஆவணமும் கண்ணிற்படுவதில்லை.

‘மட்’, ‘அல்பைன்’ போன்ற எழுத்துவழிச் செயலிகளைப் பாவிப்போர் இதனைப் பெரிதும் எதிர்கொள்கின்றனர். ஆயினும் அதற்கான மருந்தும் அவற்றிலேயே உண்டு. மட்டில் ‘வி’ என்ற விசையை அழுத்தினால், மடலின் பகுதிகள் யாவும் கிளைவிட்ட மரம்போல வரிசையாகத் தோன்றும். ஒவ்வொன்றின் வகையும் அளவும் பெயரும் அங்கே தெரியும். வேண்டியதைத் திறக்கலாம், ‘எஸ்’ விசையால் சேமிக்கலாம். மாற்றுப் பகுதிகளுக்குள் ஒளிந்த இணைப்புகளையும் எண்ணிக்காட்டும் அமைப்பொன்று அதன் புதிய பதிப்புகளில் உண்டு. ஆனால் நாமே அதனை இயக்கிவைக்க வேண்டும்.

இன்னுமோர் எளிய அடையாளமும் உண்டு. இணைப்புகள் அனுப்பப்படும்போது பெரும்பாலும் மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துகளாக மாற்றப்படுகின்றன; அதனால் கோப்பின் பருமன் மூன்றிலொரு பங்கு கூடிவிடும். ஐந்து வரி மடலொன்று பல நூறு கிலோபைட் கனக்குமாயின், உள்ளே ஏதோ இருக்கிறது என்றே கொள்ளவேண்டும்.

இதனை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நிறுவனமொன்றின் மீதான குற்றச்சாட்டுக் குறித்து எமது நிருபர் ஒருவர் விளக்கம் கோரியிருந்தார். ‘விபரம் இணைப்பில்’ என்ற ஒற்றை வரியோடு பதில் வந்தது. அவருடைய திரையில் இணைப்பு எதுவுமில்லை. ‘ஆவணம் எதனையும் அவர்கள் சமர்ப்பிக்கவில்லை’ என்ற வாக்கியம் செய்தியில் ஏறிவிட்டது. அன்றிரவு கடமையிலிருந்த உதவி ஆசிரியர் மடலைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். நான்கு பக்க விளக்கம் உள்ளே இருந்தது. அந்த விளக்கம் எம்மைத் திருப்திப்படுத்தியதா என்பது வேறு விடயம். அது தரப்படவில்லை என்று அச்சேறியிருந்தால், ஒரு தரப்பின் வாயைப் பொத்திவிட்டு அது ஊமை என்று எழுதிய பழி எம்மைச் சேர்ந்திருக்கும்.

‘இத்தகைய தொல்லைக்கு எழுத்துவழிச் செயலியை விட்டொழிப்பதே மேல்’ என்பார் உளர். இதில் நியாயம் இல்லாமலில்லை. பணிச்சுமை மிகுந்த செய்தி அறையில் ஒரே சொடுக்கில் யாவும் தெரிவது வசதியே. ஆனால் வண்ணத்திரைச் செயலிகளும் தெரிவுசெய்துதான் காட்டுகின்றன. அவை அலங்கார வடிவத்தைக் காட்டி எளிய எழுத்தை மறைக்கின்றன. இரு வடிவங்களும் வெவ்வேறு விடயம் சொல்லுமாறு அமைந்த மடல்களும் உண்டு. அப்போது அவற்றைப் பாவிப்பவரும் பாதியையே படிக்கிறார். எந்தக் கருவியும் எமக்காகத் தெரிவுசெய்யட்டும். எதனை விலக்கியது என்பதையும் அது சொல்லவேண்டும். இவ்வகையில் மட்டின் பகுதிப் பட்டியல் நேர்மையானது என்பது என் துணிபு.

அனுப்புவோருக்கும் கடமை உண்டு. இணைப்பின் பெயரையும் எண்ணிக்கையையும் மடலின் உடலிலேயே எழுதிவிடுங்கள். ‘இத்துடன் இரண்டு கோப்புகள்’ என்றிருந்தால், ஒன்றைக் காணாதவர் தேடத் தொடங்குவார். பழைய அலுவலகக் கடிதங்களின் அடியில் இணைப்புகளை எண்ணிட்டுக் குறித்தவர்கள் அறியாமற் செய்யவில்லை.

பெறுவோருக்கு ஒன்றே ஒன்று. ‘இணைப்பு வரவில்லை’ என்று பதில் எழுதுமுன், அதிலும் முக்கியமாக அதனை அச்சில் எழுதுமுன், மடலின் எல்லாப் பகுதிகளையும் ஒரு தடவை விரித்துப் பாருங்கள். அதற்கு ஒரு விசை போதும்.