சரீரமும் சாரீரமும்

"பாட வந்தவனுக்கு மைதானத்தில் என்ன வேலை?" என்னும் வினா இக்கல்வியாண்டில் மும்முறை நம் செவியில் விழுந்தது. முதன்முறை வினவியவர், மகனைக் காண விடுதிக்கு வந்திருந்த தகப்பனார் ஒருவர். இரண்டாமுறை வினவியவர், பாடற்குழுவிற்கு ஒத்திகை நடத்தும் நண்பர். புழுதி தொண்டைக்கு ஆகாதென்பது அவர் கட்சி. மூன்றாமுறை வினவியவனோ அம்மாணவனேயாவான். மூவரும் நல்லெண்ணத்தோடுதான் வினவினர். எனினும், சென்ற ஆண்டுவரை மாலை மணி அடித்ததும் பந்தைத் தேடி முதலில் ஓடிவந்தவன் வாயினின்றே அச்சொற்கள் பிறந்தபோது நமக்கு வருத்தமே மேலிட்டது. அவன் புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்தவன். ஆதலின் அவ்வூர்ப் பாடகர் ஒருவருடைய வரலாற்றையே அவனுக்கு விடையாகக் கூறினோம். அதனைப் பிறரும் கேட்டல் நலமெனக் கருதி ஈண்டு எழுதத் துணிந்தோம்.

காலஞ்சென்ற பி. யு. சின்னப்பா அவர்களைப் பாடகராகவும் நடிகராகவும் அறியாத முதியோர் தமிழ்நாட்டில் இலர். இளைஞர்க்கோ அப்பெயர் பாட்டனார் வாயிற் கேட்ட பெயரளவே. புதுக்கோட்டை உலகநாத பிள்ளை சின்னப்பா என்பது அவ்விரண்டு எழுத்துகளின் விரிவு. 1916-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் பிறந்தார். தந்தையாரும் நாடக மேடையில் நடித்தவரே. புதுக்கோட்டை தனி அரசாக இருந்த காலம் அது. 1948-இல்தான் அச்சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. இன்று அவரைப் பற்றி அவ்வூரில் விசாரிப்போர்க்கு முதலிற் கிடைப்பது வீடுகளைப் பற்றிய கதை. அவர் வீடுமேல் வீடாக வாங்கிக் குவிக்கவே, இனி அவருக்கு எவரும் வீடு விற்றலாகாதென்று அரசர் தடையிட்டாராம்! கதை சுவையானதே. ஆயினும், அவர் வாங்கிய வீடுகளை எண்ணிவைத்த ஊர், அவர் சுழற்றிய சிலம்பத்தையும் செய்த குஸ்தியையும் தூக்கிய பளுவையும் அத்துணை நினைவில் வைத்ததாகத் தெரியவில்லை. நாம் பேச விரும்புவது அதனையே.

சிறு பிராயத்திலேயே அவர் நாடகக் கம்பெனி புகுந்தார். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் அவர் நடித்த நாட்களில், பின்னாளில் இந்நாட்டின் முதலமைச்சராக விளங்கிய எம். ஜி. இராமச்சந்திரனும் அங்கே ஒரு சிறுவர். அக்காலத்து நாடகமேடையில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவன் காதிலும் பாட்டு விழவேண்டும். விழாவிட்டால் அவன் சும்மா இரான். ஆகவே சிறுவர் கம்பெனிகளில் ஒரு பிள்ளையின் மதிப்பெல்லாம் அவன் குரலிலேயே இருந்தது. குரல் உள்ளவரை அவன் ராஜபார்ட், அது போனால்?

போகும் காலமும் வந்தது. ஆண்பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 12 வயது முதல் 15 வயதிற்குள் குரல்வளை வளர்ந்து, அதனுள்ளிருக்கும் நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஒரு ஸ்தாயியளவு கீழிறங்கிவிடுகின்றது. நாடகக்காரர் இதனை 'மகரக்கட்டு உடைதல்' என்பர். நேற்று ஐந்து கட்டைச் சுருதியில் அநாயாசமாகப் பாடிய பிள்ளை இன்று வாய்திறந்தால் இரண்டு குரல் கேட்கும். இஃது இயற்கையேயாயினும், பாட்டையே நம்பியிருந்த பிள்ளைக்கு இடி விழுந்ததை ஒக்கும். சின்னப்பாவுக்கும் அவ்வாறே மகரக்கட்டு உடைந்தது. கம்பெனியை விட்டு ஊர் திரும்பினார்.

இவ்விடத்திற்றான் நாம் சற்றே நிற்கவேண்டும். கையிலிருந்த ஒரே பொருளை இழந்த இளைஞன் சோம்பித் திரிந்திருக்கலாம். விதியை நொந்துகொண்டு வேறு பிழைப்பிற்குப் போயிருக்கலாம். அவர் செய்தவை இரண்டு. ஒன்று, சங்கீதத்தை மறுபடியும் முறையாகப் பயின்றார். மற்றொன்று, சிலம்பம், குஸ்தி, பளுதூக்குதல் முதலியவற்றில் ஈடுபட்டுத் தேர்ந்தார். முன்னதைக் கூறுவோர் பலர்; பின்னதைப் பொழுதுபோக்கென்று ஒரு வரியில் தள்ளிவிடுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. குரல் கைவிட்ட பருவத்தில் உடல் அவரைக் கைவிடவில்லை. தன்னால் ஒன்றும் இயலாதென்று எண்ணத் தொடங்கும் பையன் ஒருவனுக்கு, நேற்றுச் சுற்றவொண்ணாத கம்பு இன்று கையிற் சுழல்வதைவிடச் சிறந்த மருந்து உண்டோ? கம்பு பொய் சொல்லாது. பிழையாகச் சுற்றினால் தன் முழங்கையிலேயே அடிக்கும். சரியாகச் சுற்றினால் காற்றைக் கிழிக்கும் ஓசை கேட்கும். அவ்வோசையிலும் ஒரு தாளம் உண்டு என்பதைச் சிலம்பக் களரியருகே நின்றவர் அறிவர். காலடி வைப்பு முறை பிசகினால் வீச்சுப் பிசகும். தாளம் தப்பினால் பாட்டுப் பிசகுவதைப் போலவே.

மேலும், பாடகருடைய குரலுக்கு நம் முன்னோர் இட்ட பெயரையே நோக்குக. சாரீரம் என்றனர். சரீரத்தோடு உடன் தோன்றியதாகலின் அப்பெயர் என்று 13-ஆம் நூற்றாண்டின் சங்கீத ரத்னாகரத்தில் சார்ங்கதேவர் விளக்கியுள்ளார். வீணைக்கு மரம் உண்டு, தந்தி உண்டு. குரலுக்கு உடலன்றி வேறு கருவி யாது? விலாவெலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும், வயிற்றுக்கும் மார்புக்கும் நடுவிலுள்ள உதரவிதானமும் மூச்சைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுப்பதாற்றான் நீண்ட பிருகா நிற்கின்றது. ஓடிப் பழகியவன் இதனைப் புத்தகம் பாராமலே அறிவான்.

சின்னப்பாவின் பிற்கால வெற்றியில் இவ்விரண்டும் கலந்தே நின்றன. 1936-இல் 'சந்திரகாந்தா' என்னும் படத்தில் முதன்முதல் தோன்றினார். 1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் எடுத்த 'உத்தமபுத்திரன்' படத்தில் இரட்டை வேடம் பூண்டார். ஒருவன் கொடியவன், மற்றவன் நல்லவன். இருவரையும் ஒரே நடையில் நடக்க விட்டிருந்தால் சபையோர் சிரித்திருப்பர். 1942-இல் 'கண்ணகி'யில் கோவலன். 1944-இல் 'ஜகதலப்பிரதாபன்' படத்தில் பாடகரும் பக்கவாத்தியக்காரரும் தாமேயாகி, ஒரே காட்சியில் ஐந்து சின்னப்பாக்களாக அமர்ந்து கச்சேரி செய்தார். அக்காட்சியை இன்றும் கைபேசியிலேயே காணலாம். காண்போர் பாட்டை மட்டும் கேளாது, அந்த ஐவரும் உட்கார்ந்திருக்கும் வகையையும், தோளும் கழுத்தும் ஒருவர்க்கொருவர் வேறுபடுவதையும் நோக்குக. உடலை ஆளத் தெரியாத ஒருவர் இதனைச் செய்திருக்க இயலாதென்பது நம் துணிபு. அக்காலத்து மற்றொரு பேரொளி எம். கே. தியாகராஜ பாகவதர். அவர் குரலின் இனிமைக்கு ஈடு கூறுதல் அரிது. அதனோடு போட்டியிட்டு நின்ற சின்னப்பா, வாளெடுத்துப் போர் செய்யும் வீரனாகவும் ரசிகர் நெஞ்சில் இடம்பெற்றார்.

கடல் கடந்த சான்று ஒன்றும் காட்டுவோம். அமெரிக்க நாட்டு நீக்ரோப் பாடகர் பால் ராப்ஸன் (1898-1976), அடிமையாகப் பிறந்து தப்பியோடிப் பின்னர்ப் போதகரான ஒருவரின் மைந்தர். ரட்கர்ஸ் கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால், கூடைப்பந்து, ஓட்டப்பந்தயம் முதலிய களப்போட்டிகள் ஆகிய நான்கிலும் கல்லூரிக்காக ஆடினார். 1917, 1918 ஆகிய ஈராண்டும் நாட்டின் தலைசிறந்த கால்பந்தாட்டக்காரர் வரிசையில் வைக்கப்பெற்றார். நிற்க. 1916-இல் எதிர்க்கட்சியார் கறுப்பரோடு ஆடமாட்டோம் என்று மறுக்கவே, அவரைக் கல்லூரி ஓரமாக உட்கார்த்திவைத்தது. அவ்விடத்துப் பாடற்குழுவும், வெளியூர் விருந்துகளுக்கு அவரை அழைத்துச்செல்ல இயலாதென்று, அவரை முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. பின்னர் உலகமே கேட்ட குரல் அது! கல்லூரிகள் தம் பிள்ளைகளை அறியாமற்போவது புதிதன்று.

இனி, எதிர்க்கட்சியார் கூற்றையும் மறைத்தல் நேர்மையன்று. பாட்டு வாத்தியார்கள் அஞ்சுவதில் பாதி நியாயமுண்டு. மைதானத்தில் தொண்டை கிழியக் கத்துவது குரலைக் கெடுக்கும். பாடற்குழுவிலுள்ளவன் ஆட்டத்தில் வாய்மூடி ஓடட்டும். பளுதூக்குபவன் மூச்சைப் பிடித்து நிறுத்துங்கால் குரல்நாண்கள் ஒன்றோடொன்று இறுக மூடிக்கொள்கின்றன. அதனை அளவின்றிச் செய்வது பாடகருக்குத் தீங்கே. சின்னப்பா செய்தார் என்பதற்காக எல்லாரும் இரும்பைத் தூக்க வேண்டுமென்பதில்லை. தேகப்பயிற்சி நீண்ட ஆயுளுக்குப் பிணை என்றும் நாம் கூறவரவில்லை. அம்மல்லர் 1951-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 23-ஆம் நாள் காலமானபோது அவருக்கு வயது 35 தான். நம் ஆசிரியர் பலருக்கு அவ்வயதில் முதல் குழந்தை பள்ளி சென்றுகொண்டிருக்கும்.

நம் வழக்கு மிகச் சிறியது. மாலை 4½ மணிமுதல் 5½ மணிவரை விளையாட்டுக்கென்று நம் கல்லூரி முன்னோர் வகுத்த ஒரு மணி நேரம், சில ஆண்டுகளாகப் பல கைகளால் பறிபோயிற்று. தேர்வுக்கான தனி வகுப்பு பாதியைக் கொண்டது. விழாக்கால ஒத்திகை மீதியைக் கொண்டது. எஞ்சியது அணிகளில் இடம்பெற்றோர்க்கே. அணியில் இல்லாதவன், ஆடத் தெரியாதவன், வெறுமனே ஆசைப்படுகிறவன் ஆகியோர் வேலிக்கு வெளியே நிற்கின்றனர். இவர்களுள் யாருக்கு எப்போது மகரக்கட்டு உடையுமென்று எவர் அறிவார்? குரல் மட்டுமா உடைகின்றது? மதிப்பெண் உடைகின்றது, நட்பு உடைகின்றது, வீட்டிலிருந்து வரும் பணம் உடைகின்றது. அந்நாளில் போய் நிற்பதற்கு ஒரு திடல் வேண்டும்.

புதுக்கோட்டை மண்ணில் இவ்விரண்டையும் எதிரிகளாகக் கருதும் வழக்கம் எப்படி வந்ததோ நமக்கு விளங்கவில்லை. குடுமியான்மலைப் பாறையில் ஸ்வரங்களைக் கல்லிற் பொறித்து வைத்திருக்கின்றனர். ஆண்டுதோறும் தை மாதம் பிறக்கும் முன்னரே தச்சங்குறிச்சியில் வாடிவாசல் திறக்கின்றது. இரண்டையும் ஒரே நாளிற் கண்டு திரும்பலாம். சிலம்பமும் இப்போது தெருமுனை வித்தையாக மட்டும் நின்றுவிடவில்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் அதற்கும் இடம் கிடைத்தது.

வரும் கல்வியாண்டு முதல் பாடற்குழுவின் ஒத்திகையை இரவு உணவுக்குப் பின்னர் வைத்துக்கொள்ளுமாறும், விடுதியின் பின்புறத்துத் திடலில் வாரம் இருநாளேனும் சிலம்பம் கற்பிக்க ஓர் ஆசானை ஏற்பாடு செய்யுமாறும் கல்லூரித் தலைவர் அவர்களை வணக்கத்துடன் கேட்டுக்கொள்கிறோம். ஒத்திகை நடத்தும் நண்பரிடமும் பேசிவிட்டோம். 'புழுதி அடங்கத் தண்ணீர் தெளிப்பதானால் ஆட்சேபம் இல்லை' என்றார். தண்ணீர் தெளிக்க முன்வந்தவன், மேலே நாம் குறிப்பிட்ட மாணவனே.