தேயாத காசைத் தேய்ந்தது என்பவர்கள்

ராஜராஜன் செப்புக்காசு ஒன்றை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, "எழுத்து பாதி தேஞ்சுபோச்சு சார், வி.எஃப். கிரேடுதான் தேறும்" என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. எழுத்து தேயவில்லை. அந்தப் பாதி எழுத்து ஒருநாளும் அந்தக் காசில் இருந்ததே இல்லை.

சோழர் காசு கையால் அடித்தது. கீழே ஓர் அச்சு, அதன்மேல் செப்பு வில்லை, அதற்குமேல் இன்னோர் அச்சு, கடைசியில் சுத்தியல். வில்லை அச்சைவிடச் சிறியதாக இருந்தாலோ கொஞ்சம் விலகி உட்கார்ந்தாலோ, அச்சில் வெட்டிய உருவம் முழுவதற்கும் காசில் இடம் கிடைக்காது. அமர்ந்திருக்கும் உருவத்தின் பக்கத்தில் நாகரியில் 'ஸ்ரீ ராஜராஜ' என்று இருக்க வேண்டும். சில எழுத்துகள் விளிம்புக்கு வெளியே காற்றில் பதிந்திருக்கும். இது அக்கசாலையில் ஒரு நொடியில் நடந்தது. தேய்மானமோ ஆயிரம் கைகளும் மடிகளும் சேர்ந்து செய்தது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், அந்தச் சொல் எதைச் சொல்கிறது?

குழப்பம் வருவதற்கு நியாயமான காரணம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். காசில் மேடாக இருப்பது அச்சில் பள்ளம். அடி விழும்போது உலோகம் பிதுங்கி அந்தப் பள்ளத்துக்குள் ஏற வேண்டும். அடி போதவில்லை என்றால் ஆழமான பள்ளம்தான் முதலில் நிரம்பாமல் போகும். அதாவது முகத்தில் மூக்கு, கன்னம், காதோர முடி. புழக்கத்தில் முதலில் தேய்வதும் அதே மேடுகள்தான். குறை இரண்டும் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஆனால் இயந்திரத்தில் அடித்த வெள்ளிக்காசைச் சாய்வான வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். தேய்ந்த இடம் வழவழப்பாக, மங்கி, சுற்றியுள்ள பரப்பிலிருந்து நிறம் மாறித் தெரியும். அடி விழாத இடத்தில் பளபளப்பு அப்படியே இருக்கும். வில்லையின் பழைய கீறல்கள்கூட நசுங்காமல் கிடக்கும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அச்சே தேய்ந்திருக்கலாம். அப்போது அடி எவ்வளவு பலமாக விழுந்தாலும் காசு குழைந்துதான் வரும். காசுக்கு ஒரு வயது, அச்சுக்கு வேறொரு வயது.

இந்த மூன்றையும் ஒரே எண்ணுக்குள் திணித்த கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் 1 முதல் 70 வரை ஓர் அளவுகோலை வெளியிட்டார். மனித உடம்புகளை மூன்று வகையாகப் பிரித்த அதே உளவியலாளர்தான். (நியூயார்க்கில் இருந்த அமெரிக்க நாணயவியல் கழகத்தின் நல்ல சென்ட்களை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை வைத்தவர் என்பது அவர் இறந்த பிறகு தெரியவந்தது. அளவுகோல் மட்டும் பிழைத்துக்கொண்டது.) அந்த அளவுகோல் பழைய அமெரிக்கப் பெரிய செப்பு சென்ட்களுக்காக உருவானது. மிக மோசமான நிலையில் உள்ள சென்ட் ஒரு டாலர் என்றால் மிகச் சிறந்தது 70 டாலர் என்கிற மாதிரியான கணக்கு. அது ஒரு விலைப்பட்டியல். அதைத் தூக்கி வந்து சோழன் காசுக்குமேல் வைக்கிறோம்.

எண் போதாது என்று அமெரிக்கர்களுக்கே புரிந்துவிட்டது. அதனால் ஒட்டுவால்கள் சேர்த்தார்கள். மெர்க்குரி டைம் என்றால் பின்புறக் கழிக்கட்டின் நடுவில் உள்ள இரட்டைப் பட்டை பிரிந்து தெரிய வேண்டும்: 'ஃபுல் பேண்ட்ஸ்'. ஃபிராங்க்ளின் அரை டாலர் என்றால் மணியின் அடிக்கோடுகள் அறுபடாமல் ஓட வேண்டும்: 'ஃபுல் பெல் லைன்ஸ்'. பிலடெல்ஃபியாவில் அடித்த 1945 டைம் சல்லிசாகக் கிடைக்கும். அதிலேயே பட்டை பிரிந்திருந்தால் விலை எங்கோ போய்விடும். ஏனென்றால் அந்த ஆண்டுக் காசுகளில் பட்டை பிரிந்து வருவது அபூர்வம். ஆனால் ஆண்டு எண்ணோ விளிம்பு எழுத்தோ மழுங்கியிருப்பதைப் பற்றி அந்த ஒட்டுவால் ஒரு வார்த்தை பேசாது. ஒரு காசின் அடியை ஒரு மில்லிமீட்டரில் அளந்துவிட்டு முழுமை என்று பெயர் வைப்பது எந்த ஊர் நியாயம்?

நம் ஊர்ப் பேச்சு இன்னும் மோசம். புழங்காத காசு என்பதற்குச் சொல்லும் 'யூ.என்.சி.'யை, நன்றாக அடித்த காசு என்று நினைத்துப் பணம் கொடுக்கிறார்கள். புழங்காத காசு மட்டமாக அடிக்கப்பட்டிருக்கலாம். பளபளப்பானதெல்லாம் 'ப்ரூஃப்' ஆகிவிடுகிறது; ப்ரூஃப் என்பது மெருகேற்றிய அச்சில், மெருகேற்றிய வில்லையில், ஒன்றுக்கு மேற்பட்ட அடி கொடுத்துச் செய்யும் முறை, தரத்தின் பெயர் அல்ல. எல்லாவற்றையும்விடக் கொடுமை, "வார்ப்பு சூப்பரா இருக்கு சார்" என்று பாராட்டுவது. அடித்த காசை வார்த்த காசு என்றால் போலி என்று அர்த்தம், ஐயா.

தமிழில் சொல் இல்லையா என்ன? அடி விலகியது. அடி விழாதது. இரட்டை அடி. அச்சு மழுங்கியது. காசு தேய்ந்தது. கறிக்கடையில் நின்று சொன்னாலும் புரியும். ஒரு வியாபாரியிடம் இதைச் சொன்னேன். "இவ்ளோ விவரம் சொன்னா வாங்க வர்றவன் குழம்பிடுவான் சார்" என்றார். குழம்ப மாட்டான், பேரம் பேசுவான். அவருடைய கவலை அதுதான்.

என் உறைகளில் நான் கிரேடு எழுதுவதில்லை. ஒன்றில் இருப்பது இது: 'ராஜராஜன், செம்பு. தேய்வு குறைவு. அச்சு கூர்மை. அடி வலப்பக்கம் விலகியது. கடைசி எழுத்து இல்லை.' அதைப் படித்த நண்பர், "அப்போ இது நல்ல காசா, இல்லையா?" என்று கேட்டார். இன்னொரு முறை படிக்கச் சொன்னேன்.