மூழ்கிய கப்பலுக்குள் நுழையலாமா?

இங்கிலாந்தின் தென்மேற்கில், கார்ன்வால் கரையோரம் விட்சாண்ட் விரிகுடாவில் 'ஸ்கில்லா' என்ற பழைய போர்க்கப்பல் கிடக்கிறது. பிளிமத் நகரிலுள்ள தேசிய கடல்வாழ் உயிரினக் காட்சியகம் இதை விலைக்கு வாங்கி, மாசுப் பொருட்களை அகற்றி, பக்கங்களில் வழிகள் வெட்டி, 2004 மார்ச் 27 அன்று மூழ்கடித்தது. நம் மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் கடலடித் திட்டைச் செயற்கையாக உண்டாக்குவதே நோக்கம். தமிழகக் கரையோரம் கான்கிரீட் அமைப்புகளைக் கடலில் இறக்குவதும் இதற்காகவே.

வெறும் இரும்பு சில ஆண்டுகளில் விளைநிலமாயிற்று. கடல் சாமந்திகளும், மெதுவாக வளரும் கடல் விசிறிகளும் பற்றிக்கொண்டன, மீன்கள் அண்டின. இதைக் காண, காற்று உருளையை முதுகில் சுமந்து ஸ்கூபா முறையில் பலர் மூழ்குகின்றனர். இது வரவேற்கத்தக்கதே. கப்பலின் உள்ளே நுழைவதுதான் வேண்டாத வேலை. உள்ளே சென்றவர்களில் 2007-இல் இருவரும், 2021-இல் இருவரும் உயிரிழந்தனர்.

காரணங்கள் எளியவை. 25 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் மூன்றரை மடங்கு. மேலே ஒரு மணி நேரம் வரும் காற்று, அங்கே சுமார் 17 நிமிடமே வரும். குளிர்காலத்தில் அந்நீர் 10 டிகிரி செல்சியசுக்கும் கீழே குளிரும். குளிரில் மூச்சு வாங்கும்; விரல்கள் மரத்துப்போகும். உள்ளே காலால் ஒருமுறை உதைத்தால் போதும், வண்டல் கலங்கிக் கண் தெரியாது. தலைக்கு மேல் இரும்புத் தளம் இருப்பதால் நேரே மேலெழவும் முடியாது.

தக்க பயிற்சி பெற்றோர் நுழையலாமே என்பர் சிலர். பயிற்சி மனிதனுக்குத்தான், இரும்புக்கு இல்லை. 2004-இல் வெட்டிய வழி இன்றும் அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதி ஏது? இரும்பு துருப்பிடிக்கும், தகடு சரியும், அறைகளில் வண்டல் நிறையும். பாழ்கிணற்றில் இறங்கியவரைத் தூக்கப்போனவரும் மாள்வது கிராமங்கள் அறிந்த துயரம். இங்கும் தேடிச் செல்வோருக்கு அதே ஆபத்து உண்டு.

மேலும், நீரோட்டம் இரை கொண்டுவரும் வெளிப்புறத்தில்தான் உயிரினங்கள் செழிக்கின்றன. விளைச்சல் வெளியே இருக்கும்போது இருட்டறைக்குள் தேடுவானேன்? எனவே, ஆட்களைப் படகில் அழைத்துச் செல்வோர், வெளியே சுற்றிப் பார்த்துத் திரும்ப ஒப்புக்கொள்பவர்களை மட்டுமே ஏற்ற வேண்டும். மீன்கள் வாழ இட்ட பார், மனிதர் மாளும் இடமாகக் கூடாது.