திரும்பி வந்தவனைக் கேலி செய்யாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் பார்த்தேன். உங்களில் ஒருவன் முழு மாரத்தான் ஓடப் போனான். 31 கிலோமீட்டர் ஓடியதும் நின்று, மருத்துவக் கூடாரத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். அதற்குக் குழுவில் எத்தனை கேலி! "மிச்சம் 11 கிலோமீட்டர் ஆட்டோவிலா?" என்று ஒருவன். "மெடலில் முக்கால்வாசி வெட்டிக் கொடுத்தார்களா?" என்று இன்னொருத்தி. அவனும் ஸ்மைலி போட்டுச் சமாளித்தான். ஆனால் இரவு எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது: "அடுத்த தடவை செத்தாலும் முடிச்சிட்டுத்தான் வருவேன் டீச்சர்." அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு. அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று அவன் செய்த காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, அவன் நின்றதுதான்.

என்ன ஆயிற்று என்று விசாரித்தேன். வெயில் ஏறிய நேரத்தில் உடம்பு சில்லிட்டுப் புல்லரித்ததாம். தலை சுற்றியதாம். தண்ணீர் கொடுத்த பிள்ளை பெயரைக் கேட்டதற்குச் சட்டென்று பதில் வரவில்லையாம். இது வெறும் களைப்பு இல்லை கண்ணுகளா. உடம்பு தன் சூட்டைச் சமாளிக்க முடியாமல் திணறும்போது இப்படித்தான் ஆகும். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, புத்தியும் தடுமாற ஆரம்பித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. சொந்தப் பெயர் மறந்துபோகிற நேரத்தில் "போதும்" என்று முடிவெடுக்க எவ்வளவு நிதானம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

தொழில்முறை வீரர்களுக்குப் பயிற்சியாளர் உண்டு, மருத்துவர் உண்டு. "இன்று வேண்டாம்" என்று சொல்ல ஆள் இருக்கிறது. உங்களைப் போல வேலை, குடும்பம், வீட்டுக் கடன் எல்லாவற்றுக்கும் நடுவில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஓடுகிறவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. ஓடுகிறவனும் நீங்கள், நிறுத்தச் சொல்ல வேண்டியவனும் நீங்கள். அதிலும் பணம் கட்டியாயிற்று, லீவு போட்டாயிற்று, முகநூலில் அறிவித்தாயிற்று. இத்தனையும் சேர்ந்து முதுகில் கை வைத்துத் தள்ளும்.

ஓட்டம் பழகியவர்கள் பலர் அடுத்து மலைக்குக் கிளம்புகிறீர்கள். அங்கே இந்தத் தள்ளல் இன்னும் பலம். 1996-ஆம் வருடம் எவரெஸ்டில் நடந்த இரண்டு கதைகளைச் சொல்கிறேன்.

யோரான் க்ரோப் என்று ஒரு சுவீடன்காரர். தன் நாட்டிலிருந்து நேபாளம் வரை சைக்கிளிலேயே வந்தார். சிலிண்டர் ஆக்சிஜன் இல்லாமல், தன் மூட்டையைத் தானே சுமந்து ஏறினார். மே 3-ஆம் தேதி சிகரத்துக்கு இன்னும் சுமார் 100 மீட்டர்தான் பாக்கி. ஆனால் நேரமாகிவிட்டது. இனி ஏறினால் இருட்டுவதற்குள் இறங்க முடியாது என்று கணக்குப் போட்டுத் திரும்பிவிட்டார். அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்த மனிதர்! அதே மாதம் 23-ஆம் தேதி மறுபடி ஏறி உச்சியைத் தொட்டார்.

இன்னொருவர் டக் ஹான்சன். அமெரிக்காவில் தபால் ஊழியர், நம்மைப் போலச் சம்பளக்காரர். அவர் பயணச் செலவுக்காக அவர் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் டி-ஷர்ட் விற்றுப் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். 1995-இல் உச்சிக்குச் சற்றுக் கீழே வரை போய்த் திரும்பியவர். மறு வருடம் மே 10-ஆம் தேதி மறுபடி முயன்றார். பிற்பகல் இரண்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று பேச்சு. அவர் உச்சியைத் தொட்டபோது நான்கு மணி தாண்டியிருந்தது. இறங்கும்போது புயல். அவரும் திரும்பவில்லை, அவரை விட்டுவிட்டு இறங்க மறுத்த வழிகாட்டி ராப் ஹாலும் திரும்பவில்லை. அந்தப் புயலில் மொத்தம் எட்டுப் பேர் இறந்தார்கள். மலையின் மறுபக்கத்தில் இறந்த மூவர் நம் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர்.

ஹான்சனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு தடவை திரும்பி வந்தவருக்கு இரண்டாவது தடவை திரும்புவது எவ்வளவு கஷ்டம் என்று மட்டும் பாருங்கள். "செத்தாலும் முடிச்சிட்டுத்தான்" என்ற வரி என்னை ஏன் பயமுறுத்தியது என்று இப்போது புரியும்.

எவரெஸ்ட் எங்கோ இருக்கிறது என்று நினைக்காதீர்கள். குரங்கணி நம் போடிக்கு மேலேதான். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கி வந்தவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயதுப் பிள்ளைகள். மாசிக் கடைசியில் மலையில் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று நம் பக்கத்து ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெரியும். சரிவில் தீ மேல்நோக்கி மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். அங்கே மாரத்தான் கால்களும் உதவாது. "இந்த மாதம் வேண்டாம்" என்று வீட்டிலிருந்தே சொல்வதும் திரும்பி வருவதில் ஒரு வகைதான்.

"வலிக்கும்போதெல்லாம் நின்றால் யார் டீச்சர் முடிப்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வலி வேறு, எச்சரிக்கை வேறு. தொடை கனக்கும், கால் நகம் கறுக்கும், "உனக்கு எதுக்கு இந்த வேலை" என்று மனசு புலம்பும். இதெல்லாம் வலி. பல்லைக் கடித்துக்கொண்டு போகலாம், போக வேண்டும். நெஞ்சு இறுகுவது, வெயிலில் குளிர்வது, பேச்சுக் குழறுவது, நேராக நடக்க வராதது, இதெல்லாம் எச்சரிக்கை. அங்கே வீரம் பேசக் கூடாது.

உயரமான மலையில் தலைவலியோடு வாந்தியும் வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். குறையாவிட்டால் கீழே இறங்குங்கள். எவரெஸ்ட் அடிவார முகாமே 5,364 மீட்டர். அங்கே போகத் துடிக்கிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: உயர நோய்க்கு நீங்கள் மாரத்தான் ஓடியவரா என்று பார்க்கத் தெரியாது. 3,000 மீட்டருக்கு மேல் போனால், இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும். வேகமாக நடக்கத் தெரிந்தவனுக்குத்தான் இதைக் கடைப்பிடிப்பது கஷ்டம்.

ஆகவே ஒரே ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். ஓடப் போனாலும் ஏறப் போனாலும், எந்த அறிகுறி வந்தால் நிறுத்துவேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று கிளம்புமுன் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுங்கள். மூச்சு வாங்கும் நேரத்தில் மூளை நல்ல முடிவு எடுக்காது. முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டால், அங்கே அதன்படி நடந்தால் போதும்.

சொந்தக்காரர்களுக்கும் ஒன்று. பள்ளிக்கூடத்தில் முடித்தவனுக்குத்தான் பரிசு கொடுத்தோம். "பாதியில் விட்டவன்" என்பது நம் ஊரில் வசவு. அது பரீட்சைக்குச் சரி. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அந்தக் கணக்கு வேண்டாம். பிள்ளை வீட்டுக்குள் நுழைந்ததும் "முடிச்சியா?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். அடுத்த முறை தேவைப்பட்டால் திரும்பி வர அவனுக்குத் தைரியம் கொடுப்பது அந்தக் கேள்விதான்.

ஓடுங்கள், ஏறுங்கள். நாற்பது வயதுக்கு மேல் நீங்கள் இப்படிக் கிளம்புவதைப் பார்த்து நான் பூரித்துப் போகிறேன். உங்களில் யாராவது பாதியில் திரும்பியிருந்தால், எங்கே, ஏன் என்று வெட்கப்படாமல் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கு அது பாடமாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்