பிறப்புக்குப் புள்ளி போடும் பகடை

ஒரு விளையாட்டில் என்ன அரசியல் இருந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள், 1978இல் அமெரிக்காவில் வெளியான ஒரு விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய விளையாட்டு. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வலிமை, லாவகம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என ஆறு திறன்கள். தொடக்க கால விதிப்படி மூன்று பகடைகளை உருட்டி வரும் கூட்டுத்தொகை, 3 முதல் 18 வரை, ஒரு திறனின் அளவு. பகடைக்கு யார் எவர் என்று தெரியாது. இதுவரை நியாயம்தான்.

அடுத்த கட்டத்தில்தான் பிறப்பு உள்ளே வருகிறது. 1978 விதிப்படி, ஓர்க் எனும் கற்பனை இனத்துக்கும் மனிதருக்கும் பிறந்த 'அரை ஓர்க்' பாத்திரத்துக்கு வசீகரத்தில் 2 கழியும். அந்தப் பாத்திரம் மந்திரம் கற்பவராக ஆகவே முடியாது. பகடையில் அறிவு 18 விழுந்திருந்தாலும் ஏட்டைத் தொடக் கூடாது. போர் வீரராகலாம், அதிலும் 10ஆம் நிலையோடு நிறுத்தம். மனிதருக்கு அந்த உச்சவரம்பு இல்லை. பெண்களையும் விட்டுவைக்கவில்லை. ஆண் வீரர் எட்டக்கூடிய உச்ச வலிமையை மனிதப் பெண் வீரர் எட்டக் கூடாது என்று அட்டவணையே போட்டிருந்தார்கள்.

இதற்கெல்லாம் சொல்லப்பட்ட நியாயம் 'சமநிலை'. மற்ற இனங்களுக்கு இருட்டில் பார்க்கும் கண் போன்ற சிறப்புகள் இருப்பதால், உச்சவரம்பு வைத்தால்தான் மனிதர்கள் ஈடுகொடுக்க முடியும் என்றார்கள். ஆனால் 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, இன்ன பிறப்புக்கு இன்ன தொழில், இன்ன உயரம் என்ற தடைகளைத் தூக்கி எறிந்தது. விளையாட்டு செத்துவிட்டதா? இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் 'இது இல்லாவிட்டால் எல்லாம் குலைந்துவிடும்' என்று காக்கப்பட்ட விதி, போன பிறகு பெரும்பாலோர் தேடாத விதியாகிவிட்டது.

தடை போனாலும் கழித்தல் போகவில்லை. அதே மூன்றாம் பதிப்பில் அரை ஓர்க்குக்கு வலிமையில் 2 கூடும். அறிவில் 2, வசீகரத்தில் 2 கழியும். உடம்பு உண்டு, மூளை இல்லை. உழைக்கும் மக்களைப் பற்றி இந்த வசனத்தை நாம் எங்கே கேட்டிருக்கிறோம் என்று சொல்லத் தேவையில்லை.

'ஒன்றிரண்டு புள்ளிதானே' என்பவர்களுக்காக ஒரு கணக்கு. ஐந்தாம் பதிப்பில் பகடைக்குப் பதிலாக, எல்லோருக்கும் சமமாக 27 புள்ளிகள் கொடுத்துத் திறன்களை வாங்கிக்கொள்ளச் சொல்லும் முறை உண்டு. அதில் இருவர் மந்திரம் கற்கும் பாத்திரங்களை உருவாக்குகிறார்கள். இருவரும் 9 புள்ளி செலவழித்து அறிவை 15 ஆக்குகிறார்கள். ஒருவர் நோம் இனம். பிறப்பால் 2 கூடி 17. மற்றவர் ஓர்க், 2016இல் வந்த துணைநூலின்படி பிறப்பால் 2 கழிந்து 13. முதல் நாளில் நோம் 4 மந்திரங்களைத் தயாராக வைத்துக்கொள்ளலாம், ஓர்க்குக்கு 2தான். இருபது முகப் பகடையில் மந்திரத் தாக்குதல் உருட்டும்போதெல்லாம் ஓர்க்கின் கூட்டுத்தொகை 2 குறையும். அதாவது, வெல்லும் வாய்ப்பில் 10 சதவீதப் புள்ளி இழப்பு. செலவழித்தது ஒன்றே, கிடைத்தது வேறு. இதைப் பார்க்காமல் 'எல்லோருக்கும் ஒரே 27 புள்ளி' என்று சொல்வதுதான் 'தகுதி, திறமை' பேசுகிறவர்களின் வழக்கம்.

'ஓர்க் கற்பனைதானே, யானை எலியைவிட வலிமையானது என்பது பாகுபாடா?' என்று ஒரு கேள்வி வரும். நேர்மையான கேள்விதான். வேறுபாடு இருக்கட்டும். இருட்டில் பார்க்கட்டும், நஞ்சைத் தாங்கட்டும். ஆனால் வாசிக்கவும் பேசவும் திட்டமிடவும் தெரிந்த ஒரு சமூகம் முழுவதற்கும் அறிவு மட்டு என்று எழுதுவது வேறுபாடு அல்ல, ஏணி. அந்த எண்ணை இயற்கை எழுதவில்லை, மேசை முன் உட்கார்ந்த மனிதர்கள் எழுதினார்கள். கற்பனை உலகில் எதையும் எழுதலாம் என்றிருக்கும்போது இதை ஏன் எழுதினார்கள் என்பதே நம் கேள்வி.

2020இல், அமெரிக்கத் தெருக்களில் கறுப்பின மக்களின் போராட்டம் வெடித்த ஆண்டில், இந்த விளையாட்டை வெளியிடும் நிறுவனம் தன் பழைய சித்திரிப்புகளைத் திருத்துவதாக அறிவித்தது. ஓர்க்கின் அறிவுக் கழித்தல் நீக்கப்பட்டது. பிறப்புப் புள்ளிகளை விரும்பிய திறனுக்கு மாற்றிக்கொள்ளும் வழியும் அதே ஆண்டு வந்தது. 2024 பதிப்பில் 'இனம்' என்ற சொல்லே போய், பிறப்புக்கும் திறன் புள்ளிக்கும் இருந்த கட்டு அறுந்தது. இருட்டில் பார்க்கும் கண்ணும் நஞ்சைத் தாங்கும் உடலும் அப்படியே இருக்கின்றன. இது வெற்றிதான், வரவேற்போம்.

ஆனால் அறுந்த கயிற்றை எங்கே கட்டினார்கள் என்று பாருங்கள். புள்ளிகள் இப்போது பாத்திரத்தின் பின்னணியிலிருந்து வருகின்றன. 'விவசாயி' என்றால் வலிமை, உடலுறுதி, விவேகம் ஆகியவற்றில்தான் கூட்டலாம். 'உயர்குடி' என்றால் வலிமை, அறிவு, வசீகரம். மந்திரம் படிக்க வரும் விவசாயி, அறிவுக்குத் தன் பின்னணியிலிருந்து ஒரு புள்ளிகூடப் பெற முடியாது. பிரபு வீட்டுப் பிள்ளை பெறலாம். 'பின்னணியை ஆட்டக்காரர்தானே தேர்ந்தெடுக்கிறார்' என்பார்கள். உயர்குடி என்பது உழைத்துப் பெறும் தொழிலா? அதுவும் பிறப்புதானே! முன்வாசல் வழியாக வெளியேறிய பிறப்பு, தொழில் என்ற பெயரில் கொல்லைப்புறமாகத் திரும்பி வந்திருக்கிறது. தொழிலும் பிறப்பும் ஒன்றையொன்று எப்படிப் பூட்டிக்கொள்ளும் என்பதை அம்பேத்கரைப் படித்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நல்ல செய்தி, இந்தப் பூட்டுக்குச் சாவி மேசையிலேயே இருக்கிறது. ஆட்டத்தை நடத்துபவர் புதிய பின்னணிகளை உருவாக்கலாம் என்று அதே 2024 பதிப்பின் வழிகாட்டி நூல் அனுமதிக்கிறது. ஆகவே அடுத்த முறை நண்பர்களோடு விளையாட உட்காரும்போது முதல் விதியாக இதைப் பேசி முடிவு செய்யுங்கள்: எந்தப் பின்னணியில் வந்தவரும் தன் புள்ளியை எந்தத் திறனிலும் கூட்டிக்கொள்ளலாம். 'சமநிலை போய்விடும்' என்று யாராவது சொன்னால், யாருடைய சமநிலை என்று கேளுங்கள். மனிதர் எழுதிய விதியை மனிதர் திருத்தலாம். அதைப் பழகிக்கொள்ள விளையாட்டு மேசை நல்ல இடம்.