வெறுந்தேநீரும் இரத்தக் குழாயும்



கிண்ணியாவானாலும் மூதூரானாலும், துறைமுக வேலைக்கோ கடலுக்கோ போகும் ஆண்கள் உள்ள வீட்டில் சுபஹுக்கு முன்பே அடுப்பில் கேத்தல் ஏறிவிடும். முதல் கோப்பை அவர்களுக்கு. ஆறிப்போன கடைசிக் கோப்பை உங்களுக்கு. பிரஷர் மாத்திரை எடுக்கும் உம்மாவோ மாமியோ வீட்டில் இருந்தால், "தேத்தண்ணி குடிக்கலாமா?" என்ற கேள்வியும் கூடவே எழும்.

இரத்தக் குழாய் வெறும் ரப்பர் குழாய் அல்ல. அதன் சுவரில் தசை இருக்கிறது. தசை இறுகினால் வழி குறுகி அழுத்தம் ஏறும். தளர்ந்தால் இரத்தம் இலகுவாக ஓடும். குழாயின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காகப் படர்ந்திருக்கும் மெல்லிய செல்கள், நைட்ரிக் ஆக்சைட் என்ற வாயுவை உண்டாக்கித் தசையைத் தளர்த்துகின்றன. இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலி வந்தால் நாக்கின் கீழ் வைக்கிறார்களே ஒரு மாத்திரை, அதுவும் இந்த வாயுவைத் தந்துதான் வேலை செய்கிறது.

தேயிலையிலும் வெங்காயத்திலும் உள்ள பிளேவனாய்டு என்னும் பொருட்கள் அந்தச் செல்களைத் தூண்டுகின்றன. நெதர்லாந்தின் சுட்ஃபன் நகரில் 65 முதல் 84 வயது வரையான 805 ஆண்களை ஐந்து ஆண்டுகள் கவனித்து, 1993இல் முடிவை வெளியிட்டார்கள். பிளேவனாய்டு அதிகம் உட்கொண்டவர்களில் இதய நோயால் இறந்தவர்கள் குறைவு. அதில் பாதிக்கு மேல் அவர்களுக்குத் தேநீரிலிருந்தே கிடைத்தது. ஆண்களை மட்டும் பார்த்திருக்கிறார்கள், வழக்கம்தானே!

பெண்களை வைத்து நடந்த சோதனை நம் அடுப்படிக்கு இன்னும் கிட்ட வருகிறது. பெர்லின் நகரின் ஷாரிட்டே மருத்துவமனையில் ஆரோக்கியமான 16 பெண்களுக்கு அரை லீற்றர் தேநீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துக் கையிலுள்ள இரத்தக் குழாயை ஸ்கேன் செய்தார்கள். வெறுந்தேநீர் குடித்தபோது குழாய் நன்றாக விரிந்தது. பத்தில் ஒரு பங்கு பால் சேர்த்ததும் அந்தப் பலன் போய்விட்டது. வெறும் சுடுதண்ணீர் குடித்தது போலத்தான். பாலிலுள்ள கேசின் என்ற புரதம் தேயிலைச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்றார்கள். இது வெளியானது 2007இல். பால் அவ்வளவு தடையில்லை என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. ஆகவே பால் தேநீரை அடியோடு விடச் சொல்லமாட்டேன். நாளில் ஒரு கோப்பையாவது பாலில்லாமல், இஞ்சி தட்டிப் போட்டுக் குடியுங்கள். சீனியை மட்டும் அள்ளிக் கொட்டாதீர்கள். டின்பாலில் சீனி ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

வெங்காயம் உரிக்கும்போது காய்ந்த தோலை மட்டும் எடுங்கள். வெளி அடுக்குகளில்தான் இந்தச் சத்து அதிகம். அவித்தால் கொஞ்சம் நீரில் இறங்கும். ஆணத்தோடு சேர்த்துச் சாப்பிடுகிற நமக்கு அது நட்டமில்லை.

தேநீர் குடிக்கிறோமே என்று பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையின் வேலையைத் தேநீர் செய்யாது.

இன்னொன்று. சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தேநீர் தடுக்கும். கர்ப்பிணிகளும் இரத்தச் சோகை உள்ளவர்களும் சாப்பாட்டோடு தேநீர் குடிக்க வேண்டாம். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். இரும்பு மாத்திரைக்கும் இதே கணக்குத்தான்.